குளிர்காலத்தில் வெளிநாடு: பெட்டி கட்டும் முன் கேட்கிறார்கள் வாசகர்கள்

அரையாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு ஐரோப்பா போகிறவர்களிடமிருந்து இந்த முறை நிறையக் கடிதங்கள். அதிலும் பாதிக்கு மேல் சுவிட்சர்லாந்து. பனியையே பார்த்திராத ஊர்க்காரர்கள் முதன்முறையாகப் பனிக்குள் போகிறார்கள் என்பதால் சில பதில்கள் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

டிசம்பர் 22 முதல் 8 நாள் சுவிட்சர்லாந்து போகிறோம். நான், மனைவி, 12 வயது மகன், 9 வயது மகள். ஆளுக்கு ஒரு நல்ல கனமான ஜாக்கெட் வாங்கிவிட்டால் போதாதா? தெர்மல், ஃப்ளீஸ் என்று கடையில் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். — வாசகர், மதுரை

போதாது. கடையில் சொன்னது சரிதான், ஆனால் எதற்காக என்று அவர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நீங்கள் தங்கப்போகும் இன்டர்லாக்கன், லூசர்ன் மாதிரி கீழே இருக்கிற ஊர்களில் டிசம்பர் கடைசியில் பகலில் பூஜ்யத்தை ஒட்டி, சில நாள் நாலைந்து டிகிரி வரை இருக்கும். ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழுகிற விடிகாலையில் நின்றிருந்தால் கிட்டத்தட்ட அந்தக் குளிர். அதை ஒரு கனமான ஜாக்கெட் தாங்கிவிடும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ரயிலுக்குள் ஏறினால் 20, 22 டிகிரி. கடைக்குள் போனாலும் அப்படித்தான். உள்ளே ஒரே ஒரு காட்டன் சட்டை, வெளியே பெரிய ஜாக்கெட் என்று இருந்தால், போட்டுக்கொண்டே உட்கார்ந்தால் வேர்க்கும், கழற்றினால் நடுங்கும். வேர்த்த சட்டையோடு மறுபடி வெளியே இறங்கும்போதுதான் குளிர் எலும்புக்குள் போகும். பருத்தி ஈரத்தைக் கோத்துக்கொண்டு விடவே விடாது. நம் ஊர் வெயிலுக்கு அது வரம், அந்தக் குளிருக்கு அது எதிரி. நான் யாருக்குப் பெட்டி கட்டிக் கொடுத்தாலும் முதலில் சொல்வது இதைத்தான்: குளிரைவிட ஈரத்துக்குப் பயப்படுங்கள்.

அதனால் மூன்று அடுக்கு. உடம்போடு ஒட்டி ஒரு தெர்மல், மேலும் கீழும். மெரினோ கம்பளியானால் நல்லது, விலை ஒத்துவராவிட்டால் பாலியெஸ்டரே போதும், காட்டன் தெர்மல் மட்டும் வேண்டாம். அதன் மேல் ஃப்ளீஸ் (மெத்தென்ற செயற்கை இழை மேலாடை) அல்லது ஸ்வெட்டர், முன்னால் ஜிப் வைத்ததாகப் பாருங்கள், தலை வழியாகக் கழற்றுகிற மாதிரி இருந்தால் ரயிலில் குழந்தைகளோடு ரொம்பச் சிரமம். மூன்றாவது, காற்றும் தண்ணீரும் உள்ளே வராத ஜாக்கெட். அடுக்குகளுக்கு நடுவில் நிற்கிற காற்றுதான் சூட்டைப் பிடித்து வைக்கிறது, அதனால் இடுப்பைப் பிடிக்கிற அளவுக்கு இறுக்கமான ஜாக்கெட் வாங்காதீர்கள். உள்ளே ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள்.

8 நாளைக்கு ஆளுக்கு 2 தெர்மல் போதும். ராத்திரி அலசி அறை ஹீட்டர் பக்கத்தில் போட்டால் காலையில் காய்ந்துவிடும், அங்கே அறைக்குள் அவ்வளவு வறட்சி. ஃப்ளீஸ் ஒன்று, ஜாக்கெட் ஒன்று, பேன்ட் இரண்டு, சாக்ஸ் மட்டும் 5 ஜோடி. ஜீன்ஸ் ஒன்றுகூட வேண்டாம் என்பேன், நனைந்தால் நாள் முழுக்கக் காயாது. ஜாக்கெட்டையும் கனமான ஷூவையும் பெட்டியில் வைக்காமல் போட்டுக்கொண்டும் கையில் பிடித்துக்கொண்டும் விமானம் ஏறுங்கள். காற்றை உறிஞ்சி எடுக்கிற பிளாஸ்டிக் பை இடத்தைத்தான் மிச்சம் பிடிக்கும், எடையை அல்ல. பெட்டியில் இடம் இருக்கிறதே என்று இன்னும் நான்கு துணியைத் திணித்து விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து தரையில் பரப்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

காதை மூடுகிற குல்லா, கழுத்துக்கு மஃப்ளர், தண்ணீர் புகாத கையுறை, இந்த மூன்றையும் ஜாக்கெட் பையிலேயே வைத்துவிடுங்கள். பெட்டிக்குள் போனால், ஜூரிச்சில் இறங்கிய முதல் அரை மணி நேரத்தில் கிடைக்காது.

எனக்கு 64 வயது. மகன் கூப்பிட்டுப் போகிறான். இதுவரை சேலை தவிர வேறு உடுத்தியதில்லை. மருமகள் பேன்ட் போடச் சொல்கிறாள். சேலையோடு பனியில் நடக்க முடியாதா? — வாசகி, திருச்சி

முடியும் அம்மா. நீங்கள் கூச்சத்தோடு ஒரு உடுப்பைப் போட்டுக்கொண்டு ஊர் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் சேலையை அங்கே உடுத்துகிற விதம் கொஞ்சம் மாற வேண்டும்.

உள்பாவாடைக்கு உள்ளே தெர்மல் லெக்கிங்ஸ், கணுக்காலைத் தாண்டி வருகிற அளவில். ரொம்பக் குளிர்கிற நாளில் அதன் மேல் இன்னொரு கம்பளி லெக்கிங்ஸ். ரவிக்கைக்குப் பதிலாக முழுக்கை தெர்மல் பனியன், அதன் மேல் கழுத்து வரை வருகிற மெல்லிய ஸ்வெட்டர், அதையே ரவிக்கை மாதிரி வைத்துச் சேலை உடுத்தலாம். எங்கள் அம்மா அப்படித்தான் உடுத்தினார். பருத்திச் சேலையும் பட்டும் ஊரிலேயே இருக்கட்டும், நல்ல சிந்தெடிக் சேலை இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், சீக்கிரம் காயும். முக்கியமானது கரை. பனி விழுந்த தெருவில் அழகாக வெள்ளையாக இருப்பது முதல் சில மணி நேரம்தான், அப்புறம் ஆள் நடந்து வண்டி ஓடி அது பாதி உருகிய சேறாகிவிடும். சேலைக் கரை அதில் புரண்டால் முழங்கால் வரை ஈரம் ஏறும். கணுக்காலுக்கு நான்கு விரற்கடை மேலே வருகிற மாதிரி உயர்த்திக் கட்டுங்கள், உள்ளே லெக்கிங்ஸும் ஷூவும் இருப்பதால் குளிராது. ஜாக்கெட் முழங்கால் வரை வருகிற நீளமாக இருந்தால் முந்தானையும் கொசுவமும் உள்ளே அடங்கிவிடும்.

ஒன்றே ஒன்று. பனி மலை உச்சிக்குப் போகிற அன்றைக்கு மட்டும், அந்த ஒரு நாள், மருமகள் சொல்வதைக் கேளுங்கள். மேலே காற்று அடிக்கும், தரை வழுக்கும், சேலை காலைத் தடுக்கி விழுந்தால் 64 வயதில் இடுப்பெலும்பு தாங்காது.

தேங்காயெண்ணெய் எடுத்துப் போவீர்கள் என்று தெரியும். 24 டிகிரிக்குக் கீழே போனாலே அது உறைந்துவிடும், சின்ன வாய் பாட்டிலில் கொண்டுபோனால் வெளியே வராது. வாய் அகன்ற டப்பாவில் ஊற்றிக்கொள்ளுங்கள். உதட்டுக்கும் மூக்கு ஓரத்துக்கும் வாஸ்லின் வேண்டும், ஹீட்டர் காற்று அவ்வளவு வறட்சியாக இருக்கும்.

அப்பாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். லக்கேஜில் வைக்கலாமா? — வாசகர், ஈரோடு

கூடவே கூடாது. அடியில் சரக்குப் பகுதியில் வைக்கிற பெட்டிக்குள் இன்சுலின் உறைந்துபோகலாம், ஒரு முறை உறைந்த இன்சுலினை அப்புறம் பயன்படுத்தக் கூடாது. கையில் வைத்திருக்கும் பையில், டாக்டர் சீட்டோடு. சீட்டில் மருந்தின் பெயர் தெளிவாக ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யப்பட்டிருக்கட்டும். அங்கே வெளியில் நடக்கும்போது ஜாக்கெட்டின் உள்பக்கப் பையில், உடம்புச் சூட்டை ஒட்டி இருக்க வேண்டும். சர்க்கரை பார்க்கும் கருவியும் அப்படித்தான், பல கருவிகள் 10 டிகிரிக்குக் கீழே வேலை செய்யாது, உள்ளே வந்து சூடான பிறகு பாருங்கள்.

உங்கள் திட்டத்தில் ரயிலிலேயே ஏறிப்போகிற யுங்ஃப்ராவ் பனிமலை இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மேலே ரயில் போய் நிற்கிற ஸ்டேஷன் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நம் தொட்டபெட்டாவைவிட 800 மீட்டருக்கும் மேலே. காற்றில் பிராண வாயு குறைவு, கொஞ்சம் வேகமாக நடந்தாலே தலை சுற்றும். அப்பாவுக்கு இதயத் தொந்தரவோ ரத்த அழுத்தமோ இருந்தால் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே அவரது டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

பாரிஸில் 3 நாள், சுவிட்சர்லாந்தில் 5 நாள். விசா எந்த நாட்டில் கேட்பது? எப்போது ஆரம்பிப்பது? — வாசகி, கோவை

அதிக இரவுகள் எங்கே தங்குகிறீர்களோ அந்த நாட்டில். உங்களுக்குச் சுவிட்சர்லாந்து. ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா அது, அந்த ஒன்றிலேயே பாரிஸும் அடங்கும். புறப்படுவதற்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்கு முன்னதாகக் கொடுத்தாக வேண்டும், ஆனால் அந்தக் கடைசித் தேதியை நம்பி இருக்காதீர்கள். முடிவு சொல்லப் பொதுவாக 15 நாள், சில விண்ணப்பங்களுக்கு 45 நாள் வரை போகும், அதற்கு முன் விண்ணப்பம் கொடுக்க அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே டிசம்பர் கூட்டத்தில் கஷ்டம். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, 6 வயதுக்குள் கிடையாது.

பாஸ்போர்ட்டை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். ஊர் திரும்பும் தேதிக்கு அப்புறமும் 3 மாதம் செல்லுபடியாக வேண்டும், கொடுக்கப்பட்டு 10 வருடத்துக்குள் இருக்க வேண்டும், 2 பக்கம் காலியாக இருக்க வேண்டும். பயணக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையாமல். பிள்ளைகள் பனிச்சறுக்கு கற்றுக்கொள்ளப்போகிறார்கள் என்றால் அந்தக் காப்பீட்டில் பனிச்சறுக்கு சேர்த்தியா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், சாதாரணப் பாலிசிகள் பலவற்றில் அது சேராது, அங்கே கால் முறிந்தால் ஆகும் செலவை இங்கிருந்து கட்ட முடியாது.

விசா கைக்கு வருவதற்கு முன் பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட்டை வாங்காதீர்கள். ஏஜென்ட் "பரவாயில்லை, எடுத்துவிடுங்கள்" என்பார். பணம் அவருடையது அல்ல.

சைவம் நாங்கள். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், குருமா மசாலா, கொஞ்சம் நெய், கறிவேப்பிலை எல்லாம் கொண்டுபோகலாமா? துபாய் வழியாகப் போகிறோம். — வாசகி, கும்பகோணம்

நீங்கள் துபாயைக் குறிப்பிட்டது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் உங்கள் பட்டியலில் இருக்கிற குருமா மசாலாதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அதில் கசகசா அரைத்திருப்பீர்கள். அமீரகத்தில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள், போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. சிங்கப்பூரிலும் அப்படியே. வீட்டுச் சமையலுக்கு என்று சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். விமானம் மாறுவதற்காக இறங்குகிறவர்களும் அந்த மண்ணில்தான் இருக்கிறார்கள். தெரிந்தவர் கொடுத்தனுப்பிய மசாலாப் பொட்டலம், மாமியார் கட்டிக்கொடுத்த பொடி, எதுவானாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் பெட்டியில் வைக்காதீர்கள். குருமா மசாலாவை ஊரிலேயே விட்டுவிடுங்கள்.

நெய்யும் வேண்டாம். இந்தியாவிலிருந்து பால், இறைச்சி சார்ந்த பொருட்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளும் சுவிட்சர்லாந்துக்குள்ளும் கொண்டுபோகக் கூடாது. பால்கோவாவும் இதில் அடக்கம். கறிவேப்பிலை மாதிரிப் பச்சை இலைகளுக்கு நோய் இல்லை என்ற அரசுச் சான்று வேண்டும், சுற்றுலாப் போகிற யாரும் அதை வாங்குவதில்லை, அதனால் அதுவும் வேண்டாம். பருப்புப் பொடி, இட்லி மிளகாய்ப் பொடி தாராளமாக எடுத்துப் போகலாம். புளிக்காய்ச்சலும் எண்ணெயும் செக்-இன் பெட்டியில் போக வேண்டும், கையில் வைத்திருந்தால் 100 மில்லிக்கு மேல் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். பாட்டிலின் மூடிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து இறுக்கி, டேப் சுற்றி, இரண்டு பைக்குள் போட்டு, துணிக்கு நடுவில் அல்ல, ஷூவுக்குள் வைத்துவிடுங்கள். கசிந்தால் ஷூவோடு போகும். கொப்பரைத் தேங்காய் வேண்டாம், எண்ணெய் அதிகம் இருப்பதால் தீப்பிடிக்கும் என்று விமானத்தில் தடை.

இவ்வளவும் விட்டுவிட்டால் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று கவலைப்படாதீர்கள். ஈழத்திலிருந்து 1980களில் தொடங்கி அங்கே போய்க் குடியேறிய தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஜூரிச், பெர்ன், பாசல் எல்லா இடத்திலும் தமிழ்க் கடைகள் உண்டு, கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் அங்கேயே கிடைக்கும். பெர்னில் யூரோப்பாபிளாட்ஸ் என்ற இடத்தில் 2014-இல் திறந்த சமயங்களின் இல்லம் என்று ஒரு கட்டடம் இருக்கிறது. ஒரே கூரையின் கீழ் பள்ளிவாசல், தேவாலயம், புத்த விகாரை, கூடவே சைவநெறிக்கூடத்தின் கோயில். மார்கழியில் போகிறீர்கள், ஒரு நாள் ஒதுக்குங்கள். வெளியே பனி, உள்ளே தமிழில் பூசை, அதைப் பார்க்கவே போகலாம்.

பழைய ட்ரெக்கிங் ஷூ ஒன்று பரணில் இருக்கிறது, அதிகம் போட்டதில்லை. அதுவே போதுமா? — வாசகர், சென்னை

இந்தக் கேள்விக்கு நான் அனுபவப்பட்டவன். எட்டு வருடத்துக்கு முன் வாங்கிய ஷூ, இரண்டே முறை போட்டது, பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பரணில் பத்திரமாக வைத்திருந்தேன். வெளியில் பார்க்கப் புதிது மாதிரி இருந்தது. மலையடிவார ஊர் ஒன்றில் இறங்கிக் கால் மணி நேரம் நடந்திருப்பேன், வலது காலில் ஏதோ தட்டுவது போல இருந்தது. குனிந்து பார்த்தால் அடிப்பகுதி குதிகாலிலிருந்து பிரிந்து வாய் பிளந்து தொங்கியது. விரலால் தொட்டால் பழைய ரொட்டி மாதிரி உதிர்ந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை, கடை எதுவும் இல்லை. சாக்ஸ் நனைந்து விரல்கள் மரத்துப்போய் ஓட்டலுக்குத் திரும்பினேன், அந்த நாள் முழுக்கப் போயிற்று. என்னோடு வந்தவர்களுக்கும்.

பல ஷூக்களின் அடியில் இருப்பது பாலியூரித்தேன். காற்றில் இருக்கிற ஈரம் அதை மெல்ல மெல்லச் சிதைக்கும், போடாமல் வைத்திருந்தாலும் சிதையும், சென்னை மாதிரிக் கடலோர ஊரில் இன்னும் சீக்கிரம். கட்டைவிரலால் ஓரத்தை அழுத்தி, ஷூவை நன்றாக வளைத்துப் பாருங்கள். விரிசல் தெரிந்தாலோ பொடி உதிர்ந்தாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள். தெரியாவிட்டாலும் ஒரு வாரம் தினமும் ஒரு மணி நேரம் அதைப் போட்டு நடந்துவிட்டுத்தான் பெட்டியில் வையுங்கள்.

புதிது வாங்குவதானால் கணுக்காலை மூடுகிறது, தண்ணீர் புகாதது, அடியில் ஆழமான பள்ளங்கள் உள்ளது. சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது, தடித்த சாக்ஸோடு அளவு பாருங்கள். விரல்களை உள்ளே அசைக்க முடிய வேண்டும். இறுக்கினால் ரத்தம் ஓடாது, எத்தனை சாக்ஸ் போட்டாலும் கால் குளிரும். ஜாக்கெட்டில் ஆயிரம் ரூபாய் குறைத்து அதை ஷூவில் போடுங்கள்.

காலையில் லூசர்ன், மதியம் டிட்லிஸ் பனிமலை, சாயங்காலம் இன்டர்லாக்கன் என்று ஏஜென்ட் போட்டுக் கொடுத்திருக்கிறார். முடியுமா? — வாசகர், திருநெல்வேலி

கோடையில் முடியும். டிசம்பரில் அங்கே காலை 8 மணி தாண்டித்தான் விடியும், நாலரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். உங்கள் கையில் இருப்பது எட்டரை மணி நேர வெளிச்சம், அதில் பாதியை ரயிலில் கழிக்க வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு இடம், அவ்வளவுதான்.

மலை உச்சிக்கு எந்த நாள் என்பதை இங்கிருந்தே முடிவு செய்யாதீர்கள். உச்சியில் நேரடிக் கேமரா வைத்திருக்கிறார்கள், காலையில் எழுந்ததும் போனில் பாருங்கள், மேகம் மூடியிருந்தால் அன்று கீழே ஏதாவது ஊரைச் சுற்றிவிட்டு மறுநாள் போங்கள். சுவிஸ் டிராவல் பாஸ் எடுத்தால் ரயில், பஸ், படகு எல்லாம் அதில் அடங்கும், பெற்றோரோடு வருகிற 6 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு இலவசக் குடும்ப அட்டை உண்டு, அதைக் கேட்டு வாங்க வேண்டும். யுங்ஃப்ராவ், டிட்லிஸ் மாதிரி உச்சிகளுக்கு அந்தப் பாஸ் முழுசாகச் செல்லாது, கீழ் ஊர் வரைக்கும்தான், மேலே தள்ளுபடி விலையில் தனி டிக்கெட். யுங்ஃப்ராவுக்குப் போக, அடிவார ஊரான க்ரிண்டல்வால்டிலிருந்து 2020 டிசம்பரில் திறந்த ரோப் கார் 15 நிமிடத்தில் ஐகர் பனியாறு ஸ்டேஷன் வரை ஏற்றிவிடும், அங்கிருந்து ரயில்.

25, 26 தேதிகளில் கடைகள் மூடியிருக்கும், ஞாயிறும் அப்படியே. பெரிய ரயில் நிலையங்களில் உள்ள சூப்பர் மார்க்கெட்டுகள் திறந்திருக்கும், 24 மதியமே பால், பிரெட், பழம் வாங்கி வைத்துவிடுங்கள். கிறிஸ்துமஸ் சந்தை பார்க்க ஆசை என்றால் 24-க்கு முன்பே போய்விட வேண்டும், பெரும்பாலானவை அதோடு முடிந்துவிடும்.

சார்ஜர், பவர் பேங்க்? — வாசகர், சேலம்

நம்முடைய மூன்று உருண்டைக் கம்பி பிளக் அங்கே நுழையாது. ஒல்லியான இரண்டு கம்பி போன் சார்ஜர் நுழையும். "ஐரோப்பா அடாப்டர்" என்று விற்கிற வட்டமான தடித்தது சுவிஸ் துளைக்குள் போகாது, அங்கே துளை அறுகோணக் குழிக்குள் இருக்கும், சுவிட்சர்லாந்துக்கென்றே கேட்டு வாங்குங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான், 100 வாட்-மணிக்குள். 20,000 எம்ஏஎச் என்று போட்டிருந்தால் அது ஏறக்குறைய 74 வாட்-மணி, பிரச்சினை இல்லை. குளிரில் போன் பேட்டரி வேகமாக இறங்கும், உள்பையில் வையுங்கள். கார்டு தேய்க்கும்போது ரூபாயா ஃபிராங்கா என்று மெஷின் கேட்டால் ஃபிராங்க் என்று அழுத்துங்கள், ரூபாய் என்றால் மாற்று விலையில் கூடுதலாக எடுத்துக்கொள்வார்கள்.

கல்யாணமாகி முதல் பயணம். வட துருவ ஒளி பார்க்க ஃபின்லாந்தில் ரோவனியெமி போகிறோம். 2 இரவு போதுமா? — வாசகர், நாகர்கோவில்

4 இரவாவது வையுங்கள். ஒளி தெரிய வானம் திறந்திருக்க வேண்டும், 2 இரவும் மேகம் மூடிவிட்டால் அவ்வளவுதான். டிசம்பர் கடைசியில் அங்கே சூரியன் இரண்டு மணி நேரம் சொச்சம்தான் அடிவானத்தில் எட்டிப் பார்க்கும், குளிர் மைனஸ் 20-க்கும் கீழே போகிற நாட்கள் உண்டு. அதற்கான கனமான உடுப்பை இங்கே வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள். ராத்திரிச் சுற்றுலா கூட்டிப்போகிறவர்களில் பலர் முழு உடம்பையும் மூடும் உடுப்பும் பூட்ஸும் கொடுப்பார்கள், பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுடையது தெர்மல், ஃப்ளீஸ், சாக்ஸ்.

நான் நாலாம் வகுப்பு படிக்கிறேன். பனி பொம்மை செய்ய வேண்டும். மலை உச்சியில் செய்யலாமா? — மதுரை

முதல் கேள்வி கேட்ட அப்பாவின் கவருக்குள் இருந்த தனித்தாள் இது, பென்சிலில் எழுதியிருந்தது. உச்சியில் செய்ய வராது கண்ணு. அங்கே ரொம்பக் குளிர், பனி மாவு மாதிரிக் காய்ந்திருக்கும், பிடித்தால் கையில் நிற்காது. கொழுக்கட்டைக்கு மாவு பிசையத் தண்ணீர் வேண்டாமா, அது மாதிரி பனி ஒட்டுவதற்கும் கொஞ்சம் ஈரம் வேண்டும். கீழே லாட்டர்புரூனன் மாதிரி ஊரில், புதுப் பனி விழுந்து பூஜ்யம் டிகிரி பக்கமாக இருக்கிற மதியத்தில், ஒரு பிடி எடுத்து அழுத்திப் பார், உருண்டையாக நின்றால் அன்றைக்குச் செய்யலாம். கம்பளிக் கையுறையோடு தொடாதே, ஊறிவிடும். அப்பாவிடம் தண்ணீர் புகாத கையுறை வாங்கித் தரச் சொல், இரண்டையும் ஒரு நாடாவில் கோத்து ஜாக்கெட்டின் இரண்டு கை வழியாகவும் விட்டுக்கொள், தொலையாது. மூக்குக்குக் கேரட்டை அங்கேயே கடையில் வாங்கிக்கொள், இங்கிருந்து கொண்டுபோக விட மாட்டார்கள்.